குங்குமத்தின் மேல் பழி

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜையாம். இந்த வீட்டில் ஏழு வருடமாகத்தான் நடக்கிறது. அதற்கு முன் நாற்பது வருடம் நடந்ததில்லை. மருமகள் அபயாம்பிகை வந்த பிறகு சமையலறைச் சுவரில் ஒரு பலகை சாமி படங்களுக்கென்று ஒதுங்கியது. நான் தடுக்கவில்லை. கும்பிடுவது உன் உரிமை, சிரிப்பது என் உரிமை என்று அன்றே சொல்லிவிட்டேன்.

காலையில் மிக்சி, தையல் மிஷின், அரிவாள்மணை, கேஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு. என் ஸ்கூட்டருக்கு வைத்ததை நான் துணியால் துடைத்தேன். கடைசியில் தன் மடிக்கணினியை மூடி, அதன் முதுகில் மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப் பூவையும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் மணையில் வைத்தாள். நாளைக் காலை வரை யாரும் அதைத் தொடக் கூடாதாம். எட்டு நாளில் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியவள், ஒரு நாள் முழுக்க அதை மூடி வைப்பது எந்த ஊர்க் கெட்டிக்காரத்தனம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணத்தில் பொரியும் வெல்லமும் கொடுத்தாள். பொரி நன்றாக இருந்தது. பொரிக்கும் கொள்கைக்கும் சம்பந்தமில்லை.

நேற்று வாசகசாலையில் நண்பர் மணிமொழியன் லட்டு கொடுத்தார். இரண்டாவது பேரன் பிறந்திருக்கிறானாம். "உங்க வீட்டுல எப்பங்க?" என்றார். மகன் இனியன் ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான், மருமகள் கல்லூரி வேலைக்காக என்னோடு மன்னார்குடியில் இருக்கிறாள், பதினைந்து நாளைக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் எப்படி என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். என் மனைவி இருந்தவரை இந்தக் கேள்வியெல்லாம் அவளிடம் போகும். மூன்று வருடமாக என்னிடம் வருகிறது.

மதியம் மூன்று மணிக்கு அபயா பக்கத்துத் தெருவுக்குக் கொலு பார்க்கப் போனாள். ஐந்து வரை நான் மட்டும் வீட்டில் இருந்தேன். குறிப்பிடும்படி எதுவும் இல்லை. வேட்டியை அலசிக் காயப்போட்டேன். காபி இரண்டாவது தடவை போட வேண்டியதாயிற்று.

அக்டோபர் 24, செவ்வாய்

மடிக்கணினி உயிர் பெறவில்லை.

காலை ஏழரைக்கு அபயா குளித்துவிட்டு வந்து, கும்பிட்டு, மணையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினாள். "மாமா, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள்.

முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். பதற்றப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் முறை. முதலில் சுவர் பிளக்கில் மேசை விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. சார்ஜரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன், பத்தொன்பது வோல்ட்டுக்குமேல் காட்டியது. ஆக மின்சாரம் வாசல்வரை வருகிறது, வீட்டுக்குள் போகவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பொத்தானை முப்பது எண்ணும் வரை அமுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி சொருகினேன். விளக்கு வரவில்லை. விசிறி சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். திரை மட்டும் போயிருக்குமோ என்று அபயா டார்ச் பிடிக்க, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கடைசி அத்தியாயமும் படங்களும் இதற்குள்தான் இருக்கின்றன. பென் டிரைவில் இருப்பது ஆகஸ்ட் மாதத்தது. 31ஆம் தேதியைத் தாண்டினால் பதிவே ரத்து. ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கியாயிற்று. வாய்க்கால் வரப்பில் வெயிலில் நின்று செடி பறித்து ஆறு வருடம் செய்த வேலை.

அப்போதுதான் எறும்புகளைப் பார்த்தேன். கீல் பக்கத்திலிருந்து வரிசையாக வந்தன. விரலால் நசுக்கினேன். வெல்லத்தை மணைக்குப் பக்கத்தில் வைத்தால் எறும்பு வராமல் என்ன செய்யும் என்றேன்.

பிறகு தீர்ப்பும் சொன்னேன். சந்தனம் தண்ணீரில் குழைத்தது. குங்குமம் நுண்ணிய தூள், காற்றுத் துளை வழியாக உள்ளே போகும். இரண்டும் சேர்ந்தால் மின்சுற்று என்ன ஆகும்? வகுப்பில் கேட்பதுபோல அவளிடம் கேட்டேன். இனியனுக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கும்படி வைத்து, "உன் பெண்டாட்டி பொட்டு வச்சே லேப்டாப்பைக் கொன்னுட்டா" என்றேன். அவன் சிரித்தான். அபயா டார்ச்சை அணைத்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அழுகிற சத்தம் எதுவும் வரவில்லை. குழாய் மட்டும் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொன்னதில் அறிவியல் தவறு எதுவும் இல்லை. அப்படி நடக்கக்கூடியதுதான்.

அக்டோபர் 25, புதன்

பேருந்து நிலையம் பக்கத்தில் ரெஜினா என்கிற பெண் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மருமகளுடையது என்றதும், தொடர்புக்கு அவள் எண்ணைக் கேட்டாள். என் எண்ணைக் கொடுத்தேன். குங்குமம் உள்ளே போயிருக்கிறது என்று நானே சொன்னேன். "தெறந்து பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றாள்.

அபயா கல்லூரிக் கணினியில் கடைசி அத்தியாயத்தைக் குறிப்பேட்டைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்கிறாள். ஏழு மணிக்குத்தான் வந்தாள். தோசை ஊற்றும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் ஊற்றுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள்.

தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன். சமையலறைப் பலகை காலியாக இருக்கிறது. படங்கள், விளக்கு, மணி, குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி, அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளியிருக்கிறாள். என்ன அபயா இது என்று கேட்டேன்.

"நீங்க சொன்னது சரிதான் மாமா. எல்லாம் என் முட்டாள்தனம்."

ஏழு வருடம் நான் வாதாடி வாங்க முடியாத வெற்றி. பலகையில் விளக்கு இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் இருக்கிறது. ஒரு தோசையோடு எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 26, வியாழன்

ரெஜினா பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், குங்குமமெல்லாம் மேல் மூடியிலதான் இருக்கு. உள்ள ஒரு பொட்டுகூடப் போகல. கீபோர்டுக்குக் கீழ காபி சார். பால் காபி, சர்க்கரை போட்டது. எறும்பு கூடே கட்டிருச்சு."

எங்கள் வீட்டில் காபி குடிப்பவன் நான் ஒருவன். அபயா டீகூடக் குடிப்பதில்லை.

உள்ளே இருக்கும் தகவல் பிழைக்குமா என்று கேட்டேன். டிஸ்க் நனையவில்லை, சுத்தம் செய்து கீபோர்டு மாற்றினால் ஓடக்கூடும், உறுதி சொல்ல முடியாது என்றாள். ரசீதில் காபி என்று எழுதாமல் ஈரம் என்று எழுத முடியுமா என்று கேட்டேன். "எழுதுறேன் சார். ஆனா மேடம் நேர்ல கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். என் மகளாக இருக்கக்கூடிய வயது அவளுக்கு.

அபயா வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

அக்டோபர் 27, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. ஸ்கூட்டருக்குக் காற்று அடித்தேன்.

அக்டோபர் 28, சனி

இனியன் காலையில் வந்தான். வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டான். மேடையில் மைக் பிடித்துப் பேசுகிற அப்பாவுக்குப் பிள்ளை, பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? படித்த பெண், அதுவும் அறிவியல் படித்த பெண், மின்சாதனத்துக்குச் சந்தனம் தடவுவாளா, உன் சாமி வந்து ஆய்வேட்டை எழுதித் தருமா என்று இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். நான் வழக்கமாகச் சொல்லும் வாசகங்கள். என் குரலேகூட.

அவள் சட்னி கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். நான் ஏதாவது சொல்லி அவனை அடக்குவேன் என்று பார்த்திருக்கலாம். நான் இன்னொரு இட்லி வாங்கிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன் என்று என்னை நானே எழுதிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான நாள் வராது.

ஆமாம், காபியைக் கொட்டியது நான்தான். திங்கட்கிழமை மதியம் மூன்றரைக்கு மணையிலிருந்து மடிக்கணினியை எடுத்தேன். டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வாசல் கேட் சத்தம் கேட்டுத் திரும்பியதில் முழங்கை பட்டுவிட்டது. வந்தவள் அவள் இல்லை, கேஸ்காரர். வேட்டியாலேயே துடைத்து, கவிழ்த்துப் பிடித்து, விசிறிக்குக் கீழே காயவைத்து, பூவை அதே இடத்தில் வைத்து மணையில் திருப்பி வைத்துவிட்டேன். சந்தனம்கூடக் கலையவில்லை. அவ்வளவு கவனமாக வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மல்டிமீட்டர் பிடித்ததும் முப்பது எண்ணியதும் முழு நாடகம். அவளை டார்ச் வேறு பிடிக்கவைத்தேன்.

எதற்காக எடுத்தாய் என்று யாராவது கேட்டால் மின் கட்டணம் பார்க்க என்று சொல்ல வேண்டியதுதான். அதற்கு எப்போதும் எடுப்பதுண்டு. கடவுச்சொல் அவளே சொல்லிக்கொடுத்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

இனியன் மதியப் பேருந்தில் கிளம்பினான். ரெஜினா காலையில் அழைத்தாள். மடிக்கணினி ஓடுகிறதாம், இன்று தேவாலயத்துக்குப் போவதால் கடை கிடையாது, நாளை ஒன்பதரைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அபயாவிடம் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. தானே போய் வாங்கிவருவதாகச் சொன்னாள். நான் போகிறேன், உனக்குக் கல்லூரிக்கு நேரமாகும் என்று அவசரமாகச் சொன்னேன். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அன்று திறந்த பக்கத்தை நான் மூடவில்லை. கணினி அணைந்துபோயிற்று. மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்டுத் தரட்டுமா என்று அது கேட்கும்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இதிலும் மறைத்தால் எதற்கு எழுத வேண்டும்?

அவர்கள் திருமணம் தாலி, மந்திரம், ஜாதகம் எதுவும் இல்லாத சுயமரியாதைத் திருமணம். நான்தான் தலைமை. அபயாவின் அம்மா நிச்சயத்துக்கு முன்பே பெண்ணின் ஜாதகத்தை நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தபாலில் அனுப்பியிருந்தார். "சம்பந்தியம்மா அனுப்பின அந்தத் தாளை நான் கிழிச்சுப் போட்டுட்டேன், கட்டத்தைப் பாக்கல, மனசைப் பாத்தோம்" என்று மேடையில் சொன்னேன். கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆயிற்று. நான் கிழிக்கவில்லை. மடித்து லாக் டேபிள் புத்தகத்துக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இனியன் பிறந்த நேரமும் அந்த வருட நாட்குறிப்பில் நிமிடத்தோடு இருக்கிறது. தகவலுக்காக என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை மணிமொழியனின் லட்டு மனதுக்குள்ளேயே இருந்தது. தாளை எடுத்தேன். ஜாதகம் பார்த்துச் சொல்லும் ஒரு வலைப்பக்கத்தில் இருவர் பெயரையும் நாளையும் நேரத்தையும் போட்டேன். குழந்தைப் பேறு என்ற இடத்தை அமுக்கினேன். ஆணின் கட்டத்தில் குறையில்லை, பெண்ணின் கட்டத்தில் புத்திர தோஷம் என்று வந்தது.

படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்பார்கள். நான் நாற்பது வருடம் இடித்தேன், கடைசியில் உட்கார்ந்து தேவாரம் படித்திருக்கிறேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அதைப் படித்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. நிம்மதி வந்தது. என் பையனிடம் குறையில்லை என்று நிம்மதி. டம்ளர் சாய்ந்தது அந்த நிம்மதியில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

அக்டோபர் 30, திங்கள்

ஒன்பது மணிக்கே கடை வாசலில் நின்றேன். ரெஜினா ஷட்டரைத் தூக்கி, மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் நினைத்தபடியே பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று அது கேட்டது. வேண்டாம் என்பதை அமுக்கினேன். தேடல் வரலாற்றையும் அழித்தேன். ஒரு நிமிட வேலை. ரெஜினா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சட்டைப் பையில் ரசீது, அதில் ஈரம் என்று எழுதியிருந்தது.

கல்லூரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அபயா திறந்து பார்த்து, கோப்புகள் எல்லாம் இருப்பதைக் கண்டதும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் மாமா" என்றாள். அந்தக் கையை உதறிவிட்டு ஓடலாம் போல இருந்தது.

மாலை ஆறு மணிக்கு எல்லாம் முடித்துவிட்டு, அச்சுக்குப் போகும் முன் நன்றியுரைப் பக்கத்தில் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொன்னாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நெறியாளர், கல்லூரி, பெற்றோர், கணவர் என்று வந்து, கடைசியில் இப்படி இருந்தது: எதையும் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்த என் மாமனார் ஆசிரியர் செம்பியன் அவர்களுக்கு.

பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போனேன். லாக் டேபிளைப் பிரித்துத் தாளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவள் எதிரில் உட்கார்ந்து காபி என்றேன். நான்தான் கொட்டினேன், குங்குமத்துக்கும் சந்தனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ரெஜினா வியாழக்கிழமையே சொல்லிவிட்டாள், இனியன் உன்னைப் பேசியபோதும் எனக்குத் தெரியும் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காகப் பூஜையிலிருந்து எடுத்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். மின் கட்டணம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. பேசாமல் தாளை அவள் முன்னால் வைத்தேன்.

மஞ்சள் மூலைகளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். தன் அம்மாவின் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதக் கிழிச்சிட்டதா சொன்னீங்களே."

கிழிக்கவில்லை என்றேன். இருவருக்கும் போட்டுப் பார்த்தேன், குழந்தைக்காகப் பார்த்தேன் என்றேன். என்ன வந்தது என்று கேட்டாள். உன் கட்டத்தில் தோஷம் என்று வந்தது என்றேன். எழுபதை நெருங்கும் வயதில், பெற்ற மகளைப் போன்ற ஒருத்தியிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவள் தாளை மடித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி தஞ்சாவூர்ல நாங்க ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துட்டோம் மாமா. அந்த ரிப்போர்ட்டும் இதே லேப்டாப்லதான் இருக்கு. நீங்க அதத் தேடியிருக்கலாம்."

அவள் எழுந்து நின்று, சற்று யோசித்து, இன்னொன்றும் சொன்னாள்.

"அவர்கிட்ட மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நாலு வருடமாக என் மகனின் குறையை அவள் தன் மேல் போட்டுக்கொண்டு இந்த வீட்டில் தோசை ஊற்றியிருக்கிறாள். கொலு வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறாள். நான் வாசகசாலையில் பையனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

மூன்று இருபதுக்கு ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டதாக அபயா பேசினாள். நல்லது அம்மா என்றேன்.

இனியனுக்குப் போன் போட்டேன். காபியைக் கொட்டியது நான், பழியை அவள் மேல் போட்டதும் நான், நீ அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். "அன்னைக்கு எதுக்குப்பா அத எடுத்தீங்க?" என்று கேட்டான். மின் கட்டணம் பார்க்க என்றேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கட்டுப்போட்ட பிரதி ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் போனதும் நன்றியுரையைத் திறந்தேன். என் பெயரை எடுத்துவிடவில்லை. பெற்றோருக்கும் கணவருக்கும் அடுத்து, மாமனார் ஆசிரியர் செம்பியன் அவர்களுக்கு என்று இருக்கிறது. சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்று நான் கற்றுத்தந்ததாக இருந்த வரி மட்டும் இல்லை.